அடைக்கோழியும் ஒரு கேம்ஷாஃப்டும்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூன்று பேரும் போன வாரம் வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு பட்டியல் கேட்டீர்கள். பழைய கார்களுக்கு எந்தப் பார்ட் எங்கே கிடைக்கும், யாரிடம் கேட்கலாம், யாரை நம்பலாம் என்று. அந்தப் பட்டியலை ஒரு நோட்டில் எழுதி, ரிட்டையர் ஆன அன்றே ஆபீஸ் அலமாரியில் வைத்துவிட்டுத்தான் வந்தேன். அதில் பாதி நம்பர் இன்று வேலை செய்யாது. மீதிப் பாதிப் பேர் புது ஆள் என்றால் போனை எடுக்க மாட்டார்கள். அதனால் பட்டியலை விடுங்கள். இருபத்தெட்டு வருஷத்தில் நான் செய்த ஒரு தப்பையும், அதைச் சரிசெய்யப் போன இடத்தில் செய்த அதைவிடப் பெரிய தப்பையும் எழுதித் தருகிறேன். சிரித்துவிட்டு மறந்துவிடாதீர்கள். சிரிப்பதற்குத் தடை இல்லை.

ஆறுமுகநேரி உப்பள அண்ணாச்சியை உங்களுக்கும் தெரியும். வெள்ளை வேட்டியில் கிரீஸ் பட்டால் நம்மையும், படாவிட்டால் தன் டிரைவரையும் திட்டுகிறவர். அவரிடம் ஒரு இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார். நீளமான மூக்கு, இரண்டே சீட், ஆறு சிலிண்டர். அந்தக் காலத்தில் ரேஸில் ஓடிய எஞ்சின். அவருடைய அப்பா வாங்கி, ஓட்டி, அலுத்துப்போய் உப்புக் கோடவுனில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டுப் போனது. அதை நம் பட்டறையின் பெரிய மெக்கானிக் தேவஇரக்கம் அண்ணன் இரண்டு வருஷம் உட்கார்ந்து உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்து ஒன்றே ஒன்று பாக்கி. வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம்ஷாஃப்ட் இரண்டில் ஒன்று, உப்புக் காற்றில் அரித்துப் புள்ளி புள்ளியாய் விழுந்து கிடந்தது. தேய்த்துச் சரிசெய்ய வழியே இல்லை. அதைத் தேடுவது என் வேலை.

நாளும் குறித்தாகிவிட்டது. பழைய கார்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி கடற்கரை ரோட்டில் கிளம்பி, கயத்தாறு வரை போய்த் திரும்புவதாக ஏற்பாடு. அண்ணாச்சியின் மச்சினர் சென்னையிலிருந்து தன் காரைக் கொண்டுவருகிறார். ஒரு கல்யாண வீட்டில், இலை போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "அத்தான், நீங்க கவலப்படாதிய. நான் கயிறு கொண்டுட்டு வாரேன்" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் அண்ணாச்சி பட்டறையில் நின்றார்.

"தேவஇரக்கம், எங்கிட்ட இன்னும் நாலு வண்டி கெடக்கு. இந்த ஒண்ணு அன்னைக்கு ஓடலைன்னா, அந்த நாலும் கோயமுத்தூர்ப் பட்டறைக்குப் போயிரும்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த நாலு வண்டியும்தான் அப்போது பட்டறைக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தன.

நான் கலங்கவில்லை. ஏனென்றால் கேம்ஷாஃப்டை ஏற்கெனவே கண்டுபிடித்து வாங்கியும்விட்டிருந்தேன். வெளிநாட்டில் ஒருவர் இன்டர்நெட்டில் போட்டோ போட்டிருந்தார். பளபளவென்று, கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. எஞ்சின் நம்பரை அனுப்பினேன். பொருந்தும் என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பெட்டி வந்ததும் நானே பிரித்து, அதன் மேல் ஒரு துண்டைப் போர்த்தி, தேவஇரக்கம் அண்ணன் முன்னால் கொண்டுபோய் வைத்துத் துண்டை உருவினேன். எனக்கு அவ்வளவு பெருமை.

அவர் பழைய தண்டையும் புதிய தண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். புதிய தண்டின் நுனியில் அடித்திருந்த ஒரு எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார். 'எல்'.

"கிரேஸு, இது படகுக்குள்ளது."

"படகுக்கா? எஞ்சின் அதேதானண்ணே?"

"எஞ்சின் அதேதான். வேகப் படகுல இத ரெண்டா மாட்டுவான். ரெண்டும் ஒரே பக்கம் சுத்துனா படகு ஒரு ஓரமா இழுக்கும். அதனால ஒண்ண வலப்பக்கமும் ஒண்ண எடப்பக்கமும் சுத்த விடுவான். இது எடப்பக்கம் சுத்துறதுக்குச் செஞ்சது. 'எல்'லுன்னா லெஃப்ட்."

"இதப் போட்டா என்ன ஆவும்?"

"அண்ணாச்சி கயத்தாறுக்குன்னு கெளம்புவாரு. வண்டி கடலுக்குள்ள போவும்."

அவர் திட்டவில்லை. டீ சொன்னார். தேவஇரக்கம் அண்ணன் கேட்காமலே டீ வாங்கித் தந்தால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம். அவரிடம் வேலை பார்த்தவர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். அந்த டீயைக் குடித்து முடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

ஆனால் டீ குடிக்கிற நேரத்தில்தான் யோசனை வந்தது. படகில் இரண்டு எஞ்சின் என்றால், இடப்பக்கம் சுற்றுகிற ஒவ்வொன்றுக்கும் வலப்பக்கம் சுற்றுகிற ஜோடி ஒன்று எங்கேயாவது இருந்தாக வேண்டும். அந்த ஜோடிதான் அசல் கார் எஞ்சின். நான் லண்டனிலும் மிலானிலும் தேடிக்கொண்டிருக்கிறேன், உட்கார்ந்திருப்பதோ கடற்கரையில். இந்தக் கடலில் ஓடாத படகா?

மறுநாள் காயல்பட்டினம் போனேன். அங்கே பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாய் ஒருவர், வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்தவர். பெயரை எங்கேயும் சொல்லக் கூடாது என்று அப்போதே சத்தியம் வாங்கிவிட்டார், அதனால் பாய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம்: "என்ன வேணும்னு சொல்லு. எதுக்குன்னு மட்டும் சொல்லாத. எதுக்குன்னு தெரிஞ்சா நானே உங்கிட்ட மூணு மடங்கு கேப்பேன்." அதை நான் வேதம் மாதிரி பிடித்துக்கொண்டேன். எனக்கு இன்னொரு வசதியும் இருந்தது. காட்டன் சேலை, மூக்குக் கண்ணாடி, குடை, தோளில் ஒரு பெரிய பை. பள்ளிக்கூடங்களுக்குப் பேர்போன நாசரேத்துக்காரி வேறு. பார்க்கிற யாரும் என்னை டீச்சர் என்றுதான் நினைப்பார்கள். நான் ஒரு நாளும் ஆமாம் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. டீச்சருக்கு என்ன தெரியப்போகிறது என்று நினைத்துக் கடைக்காரர்கள் விலையைக் குறைத்துச் சொல்வார்கள்.

பாய் யோசித்துவிட்டுச் சொன்னார். "வேகப் படகு ஒண்ணு ஏலத்துல வந்துச்சு, ரொம்ப நாளாச்சு. ரெண்டு எஞ்சின். ஒண்ண உருக்கிட்டேன். இன்னொண்ணப் புன்னைக்காயல்ல ஒரு கப்பல்காரரு தன்னோட மீன்பிடி வள்ளத்துல மாட்டணும்னு தூக்கிட்டுப் போனாரு."

"எது எந்தப் பக்கம் சுத்துச்சு பாய்?"

"உருக்குனதும் சுத்துச்சு. போனதும் சுத்துச்சு. அவ்வளவுதான் தெரியும்."

ஆக, பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆத்தூரில் இறங்கி, வெற்றிலைக் கூடைகளுக்கு நடுவே இடம் பிடித்து மினி பஸ்ஸில் புன்னைக்காயல் போய்ச் சேர்ந்தேன். கப்பல்காரர் வீடு எது என்று கேட்டதும் காட்டிவிட்டார்கள். அவர் கப்பல் வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அவர் மனைவி ரொசாலி மட்டும். நாற்பது வயதை நெருங்குகிற பெண், வேகமான கண். முற்றத்தில் பாய் விரித்து, மடியில் ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எஞ்சினை உடனே பார்த்துவிட்டேன். பூவரச மரத்தடியில், இரண்டு பனந்தடிகளின் மேல் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அடியில் இருக்க வேண்டிய எண்ணெய்த் தொட்டியைக் கழற்றிவிட்டதால் வயிறு மேல்நோக்கித் திறந்து கிடந்தது. அந்த வயிற்றுக்குள் வைக்கோல். வைக்கோலின் மேல் ஒரு சிவப்புக் கோழி. நான் பார்க்க வேண்டிய கேம்ஷாஃப்டோ எஞ்சினின் தலையில், தரையைப் பார்த்துக்கொண்டு, மூடிக்குள் இருந்தது.

"யாரு வேணும்?" என்றார் ரொசாலி.

"இந்த எஞ்சினக் குடுப்பியளான்னு கேக்க வந்தேன்."

"எதுக்கு?"

பாயின் பாடம் நாக்கில் வந்து உட்கார்ந்தது. "பள்ளிக்கூடத்துல பிள்ளைகளுக்குக் காட்டுறதுக்கு."

"அப்ப டீச்சரா?"

நான் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன். அது பொய் இல்லை. கண்ணாடி நிஜமாகவே சரிந்திருந்தது.

ரொசாலியின் முகம் மலர்ந்துவிட்டது. "எடுத்துட்டுப் போங்க டீச்சர், சும்மாதான கெடக்கு. ஆனா இப்ப முடியாது. கோழி அடை கெடக்கு. இன்னைக்கு நாலாம் நாளு. குஞ்சு பொரிக்கட்டும், தாராளமா வந்து எடுங்க. பள்ளிக்கூடம் எங்கயும் ஓடிப் போவாதுல்லா?"

கோழி அடைகாக்க இருபத்தொரு நாள். இன்னும் பதினேழு நாள் பாக்கி. கார் ஓட வேண்டிய ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினெட்டு நாள். தேவஇரக்கம் அண்ணனுக்கு அதைக் கழற்றி, அளந்து, மாட்டி, ஓட்டிப் பார்க்கக் குறைந்தது நாலு நாள் வேண்டும். அவசரம் என்று சொல்லலாம் என்றால், பள்ளிக்கூடத்துக் கண்காட்சிக்கு என்ன அவசரம்? என் பொய்யே என் வாயை அடைத்துவிட்டது.

"டீச்சர், வந்ததுதான் வந்திய, ஒரு சந்தேகம்," என்று ரொசாலி மடியிலிருந்த புத்தகத்தை நீட்டினார். பத்தாம் வகுப்புக் கணக்கு. பதினாறு வயதில் கணக்கில் மட்டும் தவறி, அப்படியே கல்யாணமாகி, இப்போது தனியாக எழுதப் போகிறார். பாஸ் பண்ணினால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு மனு போடலாம். "இந்தக் கோணக் கணக்குதான் மண்டையில ஏற மாட்டேங்கு. சைன் முப்பது எவ்வளவு டீச்சர்?"

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. கடைத்தெருவில் விலை கேட்டால் சொல்கிற பதில்தான் வாயில் வந்தது.

"அது எடத்தப் பொறுத்தது."

ரொசாலி என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு, "சரி டீச்சர், நாளைக்கு வந்து வெளக்கமாச் சொல்லுங்க" என்றார்.

பட்டறைக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னேன். தேவஇரக்கம் அண்ணன் கோழியைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"ஏளா, சைன் முப்பது அரை. அது எங்க போனாலும் அரைதான்."

"கன்னியாகுமரியிலயுமா?"

"கன்னியாகுமரியிலயும், கப்பல்லயும்."

அவருக்குக் கோணம் என்றால் கைவந்த விஷயம். கேம்ஷாஃப்டே கோணத்தில்தானே வாழ்கிறது. பட்டறைத் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, கனெக்டிங் ராடை அதன் நடுவில் வைத்துச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினார். அன்று முதல் என் பிழைப்பு இதுதான்: காலையில் பட்டறையில் பாடம் படிப்பது, மத்தியானம் பஸ் ஏறிப் போய் அதையே ரொசாலிக்குச் சொல்வது. எனக்குப் புரியாததை மறைக்கத் தெரியாது. "இந்த இடத்துல எனக்கும் முட்டுச்சு. இப்படித் திருப்பிப் பாத்தாத்தான் வந்துச்சு" என்று சொல்லிக்கொடுத்தேன். ஊர்க் கோயில் கோபுரத்தின் நிழலை நாங்கள் இருவரும் முழம் போட்டு அளந்தோம். போகிற வருகிற ஆட்கள் எல்லாம், இந்தம்மாவுக்கும் டீச்சருக்கும் என்ன ஆச்சு என்று நின்று பார்த்தார்கள். உள்ளதைச் சொன்னால், எனக்குக் கணக்கு பிடிக்க ஆரம்பித்துவிட்டது. ஆனால் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கண் பூவரச மரத்தடிக்குப் போய்விடும். கோழியும் என்னையே பார்க்கும். அதற்கு மட்டும் என்மேல் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை.

இதற்கிடையில் தினமும் அண்ணாச்சி போன். "பார்ட் வந்துட்டா?" "வந்துக்கிட்டே இருக்கு அண்ணாச்சி." "எங்க வந்துக்கிட்டு இருக்கு?" "ஆத்தூர்ப் பக்கம்." அதிலும் பொய் இல்லை.

நாட்கள் ஓடின. ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. கோழி எழுந்திருக்க இன்னும் ஐந்து நாள். தேவஇரக்கம் அண்ணன் அன்று காலை பாடம் நடத்தவில்லை. "கிரேஸு, நாளைக்குள்ள அது என் கையில இல்லைன்னா அண்ணாச்சிக்கு நானே போன் பண்ணி முடியாதுன்னு சொல்லிருதேன்" என்றார். பிறகு டீ சொன்னார்.

நான் பையில் இரண்டு ஸ்பேனரைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். திருடப் போகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. மூடியைத் திறந்து, நுனியில் 'எல்'லா 'ஆர்'ரா என்று மட்டும் பார்க்கப் போகிறேன் என்றுதான் சொல்லிக்கொண்டேன். 'ஆர்' என்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

நான் போனபோது ரொசாலி ஹால் டிக்கெட் நகல் எடுக்க ஆத்தூருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "இருங்க டீச்சர், ஒரு மணி நேரத்துல வந்துருதேன். வெயில்ல திரும்பிப் போவாதிய, உள்ள உக்காருங்க. பானையில தண்ணி இருக்கு."

வீட்டைத் திறந்து போட்டுவிட்டு, என்னை நம்பிப் போய்விட்டார்.

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, ஐம்பத்திரண்டு வயதில், பூவரச மரத்தடி மணலில் மல்லாந்து படுத்து எஞ்சினுக்குக் கீழே தலையைக் கொடுத்தேன். பனந்தடிக்கும் மூடிக்கும் நடுவே கை நுழைய இடம் இருந்தது. முதல் நட்டு இறுகிக் கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தேன். நட்டு அசைந்ததோ இல்லையோ, எஞ்சின் அதிர்ந்தது. மேலே ஒரு கூச்சல். அடுத்த நொடி அந்தச் சிவப்புக் கோழி இறங்கி வந்து என் கொண்டையில் கொத்தியது. நான் தலையைத் திருப்பினேன், காதில் கொத்தியது. நான் கத்த, அது கத்த, பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்துகொண்டது.

கை கால் எல்லாம் மணலாக, ஸ்பேனரால் கோழியைத் தடுத்துக்கொண்டு வெளியே ஊர்ந்து வந்தபோது, எனக்கு முன்னால் இரண்டு பாதம் நின்றது. ரொசாலி. பஸ் போய்விட்டதால் பாதியில் திரும்பியிருக்கிறார்.

முதலில் முந்தானையை விரித்துக் கோழியை மெதுவாக வளைத்துப் பிடித்து முட்டையின் மேல் உட்கார வைத்தார். அது அடங்கும்வரை நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எந்திரிங்க."

எழுந்தேன். கையில் ஸ்பேனர்.

"ரொசாலி, நான் டீச்சர் இல்ல."

"அது மொத நாளே தெரியும்."

"எப்படி?"

"சைன் முப்பது எடத்தப் பொறுத்ததுன்னு எந்த டீச்சர் சொல்லுவா? சேலையில வேற கிரீஸ்."

"பின்ன ஏன் என்னய வர விட்டிய?"

"மறுநாளு வர மாட்டியன்னுதான் நெனச்சேன். நீங்க படிச்சிட்டு வந்துட்டிய. ஆத்தூர்ல டியூஷன் சாரு இருக்காரு. அவரு அவருக்குத் தெரிஞ்சதச் சொல்லிட்டுப் போயிருவாரு. ஒங்களுக்கு எங்கன முட்டுச்சோ அங்கனதான் எனக்கும் முட்டும். நீங்க அத மொதல்லயே சொல்லிருதிய." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அதனால என்னமோ போவட்டும்னு இருந்தேன். ஆனா வீட்டத் தொறந்து போட்டுட்டுப் போனேனே அக்கா. அதுக்கப்புறமும் இப்படிப் பண்ணுவியளா?"

கோழி கொத்தியதெல்லாம் ஒன்றுமே இல்லை என்றாகிவிட்டது. மணலிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி, மச்சினர், நான் வாங்கிய தப்பான தண்டு, நாலு வண்டி, நாளைக்குள் என்கிற கெடு, எல்லாம். ரொசாலி கேட்கக் கேட்க அவர் முகத்தில் கோபம் கூடிக்கொண்டே போனது. ஆனால் நான் எதிர்பார்த்த காரணத்துக்கு இல்லை.

"பன்னண்டு நாளு! பன்னண்டு நாளா இதுக்குத்தான் காத்துக் கெடந்தியளா? அடைக்கோழிய இடம் மாத்தத் தெரியாதா எனக்கு? மொத நாளே கார் ஓடணும், அவசரம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அன்னைக்குச் சாயங்காலமே மாத்தியிருப்பேன்லா. பள்ளிக்கூடத்துக்குன்னு சொன்னிய. பள்ளிக்கூடத்துக்காண்டி கோழிய எழுப்புவாகளா யாராவது?"

"உள்ளதச் சொன்னா வெலையக் கூட்டிருவியன்னு நெனச்சேன்."

"கூட்டத்தான் செஞ்சிருப்பேன்," என்றார் ரொசாலி. "ஆனா குடுத்திருப்பேன்."

தேவஇரக்கம் அண்ணனுக்குப் போன் பண்ணினேன். வெயில் தாழ்ந்ததும் நாலு ஆட்களோடு வேனில் வந்து இறங்கினார். ரொசாலி அடுக்களையில் ஒரு இருட்டு மூலையில் வாயகன்ற மண்சட்டி வைத்து, மணல் பரப்பி, வைக்கோல் போட்டுத் தயாராக வைத்திருந்தார். முட்டைகளை மாற்றி அடுக்கிவிட்டு, கோழியை இரண்டு கையாலும் அள்ளிக் கொண்டுபோய் அதன் மேல் வைத்தார். பிறகு வாசலை மறித்து நின்றுகொண்டார்.

"அது உக்காரணும். எந்திரிச்சுப் போயிட்டா மறுபடி பழைய எடத்துலயே கொண்டாந்து வைப்பேன். எத்தனை வண்டி கோயமுத்தூருக்குப் போனாலும் சரி."

அந்தப் பெரிய மெக்கானிக், நாலு தடியர்கள், நான், ஆறு பேரும் ஜன்னல் வழியாக ஒரு கோழியைப் பார்த்துக்கொண்டு மூச்சு விடாமல் நின்றோம். கோழி எழுந்தது. சட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தது. எங்களை ஒரு பார்வை பார்த்தது. வாசல் பக்கம் இரண்டு அடி வைத்தது. தேவஇரக்கம் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். வேதக்கோயில் ஜெபத்தில்கூட அவர் அப்படிக் கண்ணை மூடி நான் பார்த்ததில்லை. கோழி திரும்பிப் போய், முட்டைகளை அலகால் உருட்டி ஒழுங்குபடுத்தி, சிறகை விரித்து உட்கார்ந்தது.

"இப்ப எடுங்க," என்றார் ரொசாலி.

எஞ்சினைப் புரட்டினார்கள். மூடியைக் கழற்றினால் உள்ளே கெட்டியாகக் கிரீஸும் மீனெண்ணெயும். கப்பல்காரர் நல்ல கைக்காரர். எப்போதாவது ஓட்டலாம் என்று உள்ளே அப்பி அப்பி வைத்திருக்கிறார். உப்புக் காற்று ஒரு துளி உள்ளே போகவில்லை. தேவஇரக்கம் அண்ணன் தண்டின் நுனியை வேஸ்ட் துணியால் துடைத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். குனிந்தார். நிமிர்ந்தார். ரொசாலியைப் பார்த்து, "கொஞ்சம் டீ கெடைக்குமாம்மா?" என்றார்.

அப்படியே மரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

"பயப்படாத கிரேஸு. இது சும்மா டீ. 'ஆர்'தான்."

தண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, எஞ்சினை அவரிடமே விட்டுவிட்டு, ரொசாலி கேட்ட விலையைப் பேரம் பேசாமல் கொடுத்தோம். கூட்டித்தான் கேட்டார். குஞ்சுகள் சனிக்கிழமை பொரித்தன. ஞாயிற்றுக்கிழமை கார் கயத்தாறு வரை போய்த் திரும்பியது. எஞ்சின் சத்தத்தைக் கேட்டு ரோட்டோரக் கடைகளில் இருந்தவர்கள் எழுந்து வெளியே வந்தார்கள். போகும்போது ஒரு தடவை சூடேறி நின்றதையும், அண்ணாச்சி அதை இளநீர் குடிக்க நிறுத்தியதாகச் சொல்லிச் சமாளித்ததையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. மச்சினர் கொண்டுவந்த கயிற்றுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அண்ணாச்சி எனக்கு நன்றி சொன்னாரா என்று கேட்காதீர்கள். "ரெண்டு நாளு முன்னாலேயே மாட்டியிருக்கலாம்லா?" என்றார்.

பரீட்சை வரைக்கும் நான் புன்னைக்காயல் போவதை நிறுத்தவில்லை. அது விலையில் சேராது, நானாகச் சொன்னது. பரீட்சை முடிந்து ஹாலை விட்டு வெளியே வந்ததுமே ரொசாலி போன் பண்ணினார். "அக்கா, கலங்கரை வெளக்கு மேல நின்னு பாத்தா படகு எவ்வளவு தூரத்துல இருக்குன்னு கேட்டிருக்கான். எங்கிட்டயா கேக்கான்!" ரிசல்ட் வந்தது, பாஸ்.

பாய் சொன்னது தப்பு என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் கடையில் அதுதான் சரி. அது கடை, அவருக்கும் எனக்கும் அது ஒரு விளையாட்டு, இரண்டு பேருக்கும் விதி தெரியும். ரொசாலி கடை போடவில்லை. தன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். எதிரில் இருப்பது கடையா வீடா என்று பார்க்காமல், கையில் இருந்த ஒரே சாவியை எல்லாப் பூட்டிலும் போட்டுப் பார்த்தேன். முதல் தப்பில் ஒரு கேள்வி கேட்காமல் விட்டேன். இரண்டாவதில், என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட்டேன். இரண்டாவதுதான் அதிகச் சேதம்.

சத்துணவு வேலைக்கு ரொசாலி மனு போட்டார். ஆனால் அதற்குள் எஞ்சின் விஷயம் பழைய கார்க்காரர்கள் நடுவே பரவிவிட்டது. அந்த எஞ்சினில் கார்புரேட்டர் இருக்கிறதா, மேக்னெட்டோ இருக்கிறதா என்று பெங்களூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் போன்கள். ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, அப்படின்னா என்ன? அது எதுக்கு ஆவும்?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். அந்த எஞ்சின் ஒரு வருஷத்தில் எலும்பு வரைக்கும் விற்றுத் தீர்ந்தது. பிறகு வேம்பாறிலிருந்து மணப்பாடு வரைக்கும், எந்த வீட்டுக் கொல்லையில் எந்தப் பழைய எஞ்சின் கிடக்கிறது என்று அவரே தேடிப் போக ஆரம்பித்தார். வீட்டுக்காரப் பெண்களிடம் என்ன பேச வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நீங்கள் மூன்று பேரும் போனில் பேசவே பயப்படுகிறீர்களே, புன்னைக்காயல் மேடம் என்று, பார்ட்டைக் கேட்டால் பத்துக் கேள்வி திருப்பிக் கேட்கிறவர் என்று, அது அவர்தான். அடுத்த வாரம் உங்களில் ஒருவர் அவரிடம் நேரில் போக வேண்டியிருக்கும் என்று கேள்விப்பட்டேன். நேற்று அவரே போன் பண்ணினார். "அக்கா, புதுசா மூணு பேரு சேந்திருக்காகளாமே. அதுல பொய் சொல்லுறது யாரு?" என்று கேட்டார்.

நான் உள்ளதைச் சொல்லிவிட்டேன்.